உதறாதீர்கள், கழுவுங்கள்: இங்க் பேனா கேள்வி பதில்

இங்க் பேனா பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் விதவிதமாகச் சொல்கின்றன: எழுத வேண்டிய நேரத்தில் எழுதவில்லை, எழுதாத நேரத்தில் கக்குகிறது. இரண்டுக்கும் முள்ளைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் காற்று, காய்ந்த மை, தாள், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. உப்புத்தாளையும் பிளேடையும் கையில் எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

பதில்களில் ‘நாக்கு’ என்று வருவது முள்ளுக்கு அடியில் ஒட்டியிருக்கும், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கறுப்புத் துண்டு. ‘கழுத்து’ என்பது விரல்கள் பிடிக்கும் பகுதி.

காலையில் பேனாவைத் திறந்தால் முதல் இரண்டு மூன்று எழுத்து விழுவதே இல்லை. ஒரு உதறு உதறினால் எழுதுகிறது. கூடவே சட்டையிலும் தெறிக்கிறது. வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. முள் போய்விட்டதா?
– கல்லூரி ஆசிரியர், திருச்சி

ஆறு மாதத்தில் முள் போகாது. உங்கள் தொந்தரவுக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பிறகு மட்டும்தான் எழுத மறுக்கிறது, ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கம் பக்கமாகத் தடையில்லாமல் எழுதுகிறது என்றால், குறை மூடியில். மூடிக்குள் காற்று புகுந்து முள்ளின் நுனியில் இருக்கும் மையைக் காய வைக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: மூடியைக் கழற்றிக் கழுவித் துடைத்து, திறந்த பக்கத்தை உதட்டில் வைத்து உறிஞ்சுங்கள். உதட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றால் மூடி காற்றுப்புகாதது. காற்று சுலபமாக வந்தால் எங்கோ துளை இருக்கிறது. பல பேனாக்களில் மூடியின் தலையிலோ கிளிப்பின் அடியிலோ வேண்டுமென்றே துளை விட்டிருப்பார்கள். குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால் மூச்சு விட வழி வேண்டும் என்பதற்காக வைத்தது அது. பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தும் பேனா என்றால் உள்பக்கமாக ஒரு சொட்டு மெழுகுவர்த்தி மெழுகு விட்டு அடைத்துவிடலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் துளையை விட்டுவிட்டு வேறு பேனாவுக்கு மாறுங்கள். ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி, விலை குறைந்த ‘ப்ரெப்பி’ மாடலிலேயே மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்றைக் கொடுக்கிறது. மாதக்கணக்கில் கிடந்தாலும் எடுத்தவுடன் எழுதும். விலைக்கும் மூடியின் இறுக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொரு வகை, பகலிலும் ஒவ்வொரு வார்த்தையின் முதல் கோடும் விடுபடுவது. அப்படியென்றால் முதலில் கழுவுங்கள். புதுப் பேனாவின் நாக்கில் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கும். அது மையை வழுக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, பேனாவுக்குள் பத்துப் பதினைந்து முறை உறிஞ்சி வெளியே தள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அதே மாதிரி. கழுவியும் போகவில்லை என்றால் முள்ளின் நுனி அளவுக்கு மீறி பாலிஷ் செய்யப்பட்டிருக்கலாம். நுனியைப் பிளக்கும் கோட்டின் இரண்டு உள்விளிம்புகளும் வழுவழுவென்று உருண்டு போனால், மை கோட்டுக்குள்ளேயே நின்றுவிடும், தாளைத் தொடாது. லேசாக அழுத்தினால் எழுதும், அழுத்தாவிட்டால் எழுதாது என்பது இதன் அடையாளம். நன்றாக ஓடக்கூடிய வேறொரு மையைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேனாக்கள் அதிலேயே சரியாகிவிடும். கடைசி வழியாகத்தான் 1 மைக்ரான் தேய்ப்புத் தாள். மை நிரம்பிய நிலையில், எழுதும் சாய்விலேயே பிடித்து, அழுத்தமில்லாமல் எட்டு வடிவத்தில் ஐந்தாறு சுற்று. எழுதிப் பாருங்கள். தேவையென்றால் இன்னும் ஐந்து. தேய்ந்து போன உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதை மனதில் வைத்துத் தேயுங்கள்.

உதறுவதை இன்றே விட்டுவிடுங்கள். உதறும்போது வெளியே வரும் மையில் பாதி மூடிக்குள் தங்கி, அடுத்த முறை உங்கள் விரலில் ஏறும்.

மை நேரடியாக ஊற்றும் பேனா. நிரப்பிய புதிதில் அருமையாக எழுதுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் ஃபைலின் நடுவில் சொட்டென்று ஒரு பொட்டு விழுகிறது. கழுத்து மரையில் நூல் சுற்றிப் பார்த்துவிட்டேன்.
– அரசு ஊழியர், மதுரை

நூல் தப்பில்லை, ஆனால் அது வேறு வியாதிக்கான மருந்து. மரை வழியாகக் கசிந்தால் விரலில் மை ஒட்டும், தாளில் சொட்டாது. உங்களுடையது காற்று விரிவதால் வருவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனாவுக்குள் 2 மி.லி. காற்று இருக்கிறது. மேஜைமேல் 28 டிகிரியில் இருந்த பேனாவை எடுத்துப் பிடிக்கிறீர்கள். உள்ளங்கைச் சூட்டில் அது 35 டிகிரிக்கு ஏறுகிறது. காற்று ஏறக்குறைய 2.3 சதவீதம் விரியும், அதாவது 0.047 மி.லி. ஒரு சொட்டு மை என்பது சுமார் 0.05 மி.லி. ஆக, விரிந்த காற்று சரியாக ஒரு சொட்டு மையை முன்னால் தள்ளுகிறது. உள்ளே இருக்கும் நீராவியும் சேர்ந்து விரிவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். நிரம்பிய பேனாவில் காற்று அரை மி.லி.கூட இருக்காது, அது தள்ளும் கால் சொட்டை நாக்கின் பள்ளங்கள் தாங்கிக்கொள்ளும். அந்தப் பள்ளங்கள் இருப்பதே அதற்காகத்தான். காற்று அதிகமாக அதிகமாக அவற்றின் கொள்ளளவு போதாமல் போகிறது.

செய்ய வேண்டியது: மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மையை இறங்க விடாதீர்கள். சட்டைப் பையில் வைக்கும்போது முள் மேல்நோக்கி இருக்கட்டும், குறிப்பாக வெயிலில் வண்டியில் போகும்போது. எழுதுவதற்கு முன் பேனாவை முள் மேல்நோக்கிய நிலையிலேயே ஒரு நிமிடம் கைக்குள் மூடிப் பிடியுங்கள். விரிய வேண்டிய காற்று மையைத் தள்ளாமல் நாக்கு வழியாக வெளியேறிவிடும். உடல்பகுதி தடித்த எபோனைட்டாக (கெட்டியாக்கிய ரப்பர்) இருந்தால் சூடு மெதுவாக ஏறும். மெல்லிய பிளாஸ்டிக்கும் உலோகமும் இதில் மோசம். உலோகப் பேனாவில் நேரடியாக மை ஊற்றுவது வேறு காரணத்துக்காகவும் வேண்டாம், உள்ளே அரிக்கும்.

மரையில் நூலுக்குப் பதில் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து மரையின் முதல் மூன்று சுற்றுக்கு மட்டும், மெல்லிய படலமாக. வாசலின் ஆகாது. பெட்ரோலியப் பொருள் ரப்பர் வளையத்தை ஊத வைக்கும், சூட்டில் உருகி மையோடு கலந்து நாக்கை அடைக்கும். அத்தனைக்கும் பிறகும் விரலில் மை வந்தால் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். கறை எந்த இடத்தில் வட்டம் போடுகிறதோ அங்கேதான் ஓட்டை.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

போகலாம். முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ. விமானம் மேலே போனதும் கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 2 மி.லி. காற்று இரண்டரை மி.லி.க்கு மேல் விரியும். அது தள்ளுவது ஒரு சொட்டு அல்ல, பத்துச் சொட்டுக்கு மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் முள் மேல்நோக்கி இருக்கட்டும், திறக்காதீர்கள்.

நல்ல நோட்டு என்று 80 ஜி.எஸ்.எம். வாங்கினேன். எழுத்து ஓரமெல்லாம் வேர்விட்டுப் பரவுகிறது. தங்கை பள்ளிக்கு வாங்கிய மெல்லிய நோட்டில் சுத்தமாக விழுகிறது. ஏன் இப்படி?
– போட்டித் தேர்வு மாணவி, சேலம்

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. கனத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. மை பரவுமா பரவாதா என்பதைத் தீர்மானிப்பது, தாள் தயாரிக்கும்போது நாருக்குள்ளும் மேற்பரப்பிலும் சேர்க்கும் பசைப் பூச்சு. அது குறைவாக இருந்தால் ஒவ்வொரு நாரும் ஒரு திரியாக மாறி மையை இழுத்துக்கொண்டு ஓடும். ஜெராக்ஸ் தாள், டோனர் பொடி உருகி ஒட்டுவதற்காகச் செய்தது. அதில் சில வகை இங்க் பேனாவைத் தாங்கும், சில தாங்காது. ஒரே கம்பெனியின் ஒரே அட்டை போட்ட நோட்டுகூட அடுத்த லோடில் வேறு மாதிரி இருக்கும். ஆகையால் பெயரை நம்பாமல் சோதித்து வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேனாவைக் கையோடு எடுத்துப் போய், ஒரு நோட்டை வாங்கி அதன் கடைசிப் பக்கத்தில் நீண்ட கோடு ஒன்றும் குறுக்கே நெருக்கமாக மூன்றும் போடுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில்தான் மை தேங்கும். பத்து விநாடி கழித்து ஓரத்தைப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் புள்ளி தெரிகிறதா பாருங்கள். அந்த இடத்தில் தேறினால் மீதி நோட்டுகளையும் அதே கட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். தாளைத் தடவிப் பார்த்து வழவழப்பாக இருக்கிறது என்று முடிவு செய்வது ஏமாற்றும். வழவழப்பு உருளை அழுத்தத்தாலும் வரும்.

தாளை மாற்ற முடியாத இடம் தேர்வுக்கூடம். அங்கே மாற்ற முடிந்தது பேனாதான். ‘எஃப்’ (மெல்லியது) அல்லது ‘ஈ.எஃப்’ (மிக மெல்லியது) முள், வறண்டு ஓடும், அதாவது குறைவாக வடியும் மை. தமிழுக்கு எப்படியும் மெல்லிய முள்தான் நல்லது: ணை, ஜூ, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் ‘எம்’ (நடுத்தர) முள்ளில் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். ஜப்பானிய முட்கள் பொதுவாக ஐரோப்பிய முட்களைவிட ஒரு படி மெலிந்தவை. ஜப்பானிய ‘எம்’, ஜெர்மன் ‘எஃப்’புக்குக் கிட்டத்தட்டச் சமம். வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளுக்கு இங்க் பேனாவை நினைக்கவே நினைக்காதீர்கள், பால்பாயிண்ட் மட்டும்.

உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் எழுத்து விடுபடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது கையின் எண்ணெய்ப் பசை. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதுங்கள்.

பத்திரத்தில் எழுதினால் நூறு வருடம் நிற்கும் மை எது? ‘பெர்மனன்ட்’ என்று போட்ட பாட்டிலை வாங்கினால் தண்ணீர் பட்டதும் கரைகிறது.
– ஆவண எழுத்தர், கும்பகோணம்

பாட்டிலில் உள்ள ‘பெர்மனன்ட்’ என்ற வார்த்தைக்குப் பெரிய மரியாதை கொடுக்க வேண்டாம். பல கம்பெனிகள், ‘துணியில் பட்டால் சுலபமாகப் போகாது’ என்ற பொருளில்தான் அதைப் போடுகின்றன. தாளில் நிற்பது வேறு விஷயம். மையில் மூன்று சாதி உண்டு.

சாதாரண மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். நிறம் அழகு, பேனாவுக்குச் சாது. ஆனால் தண்ணீர், வெயில், பிளீச்சிங் பவுடர் மூன்றுக்கும் பணிந்துவிடும். ‘வாஷபிள்’ நீலம், ‘ராயல்’ நீலம் என்று விற்கும் பலவும் சோப்புத் தண்ணீரிலேயே நிறமிழக்கும். காசோலையில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இரண்டாவது, இரும்பு மை. நம் ஊரில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் காய்ச்சிய மையின் வேதியியலும் இதுதான். கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானின் இரும்போடு சேர்கிறது. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டபின் கருத்து நாருக்குள் பிடித்துக்கொள்கிறது. கருப்பதற்குள் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்றுதான் கம்பெனிகள் கூடவே கொஞ்சம் நீலச் சாயம் போடுகின்றன. தண்ணீர் ஊற்றினால் நீலம் போகும், கறுப்பு எழுத்து நிற்கும். பிரிட்டனில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு இந்த வகை மைதான் நெடுங்காலம் பயன்பட்டது. குறை என்னவென்றால் இது அமிலம். மட்டமான எஃகு முள்ளையும் தங்க முலாம் பூச்சையும் அரிக்கும். பேனாவுக்குள் காய்ந்துவிட்டால் மணல் போலப் படியும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவ முடியும் என்பவர்கள் மட்டும் வாங்குங்கள். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையைத் தொட்டெழுதும் பேனாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் துகள்கள் நாக்கின் வாய்க்காலை அடைத்துவிடும்.

மூன்றாவது, நிறமித்துகள் மை. மிக நுண்ணிய கரித்தூளோ வேறு நிறமியோ தண்ணீரில் மிதக்கும். பிளாட்டினத்தின் கார்பன் பிளாக் இந்த வகை. தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. காற்றுப்புகாத மூடியுள்ள பேனாவும் தினசரி உபயோகமும் இருந்தால் உங்களுக்கு இதையே சொல்வேன். ஒரு வாரம் எழுதாமல் வைப்பதாக இருந்தால் கழுவிவிட்டு வையுங்கள்.

நாலாவதாக ஒன்று கடையில் இதன் பக்கத்திலேயே இருக்கும்: ஓவியர்கள் பயன்படுத்தும் ‘இந்தியன் இங்க்’. அதில் அரக்கு இருக்கிறது. ஒரே நாளில் பேனா கல்லாகிவிடும்.

எதை வாங்கினாலும் வீட்டில் சோதியுங்கள். எழுதி ஒரு நாள் காய விட்டு, ஒரு எழுத்தின்மேல் தண்ணீர்ச் சொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். இன்னொன்றின்மேல் பிளீச்சிங் தண்ணீர். மூன்றாவது வரியைப் பாதி மறைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி ஒரு மாதம் வெயிலில் விடுங்கள்.

அப்பாவின் பேனா பீரோவில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. மை கட்டியாகிவிட்டது. முள்ளின்மேல் ஏதோ எண் இருக்கிறது. வெந்நீரில் போட்டு எடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

வெந்நீர் வேண்டாம் அம்மா. பழைய பேனாக்கள் எபோனைட்டிலோ செல்லுலாய்டிலோ செய்தவையாக இருக்கும். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெந்நீர் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பேறிவிடும், அதை மறுபடி கறுப்பாக்குவது பெரிய வேலை. செல்லுலாய்டு சூட்டில் வளையும். தீயருகே போனால் பற்றிக்கொள்ளும். தீக்குச்சியைக் கொளுத்திக் கழுத்தைச் சூடு பண்ணி முறுக்குவது அந்தக் காலப் பழக்கம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு சிறிய கிண்ணத்தில் முள்ளும் கழுத்தின் கீழ்ப்பாதியும் மட்டும் மூழ்கும் அளவுக்கு அறைச்சூட்டுத் தண்ணீர் வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வாட்டரோ நல்லது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு நாக்கிலேயே படியும். தண்ணீர் நிறமேறியதும் கொட்டி மாற்றுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். இரவில் வெளியே எடுத்து, முள்ளைக் கீழ்நோக்கி டிஷ்யூவில் நிறுத்தி வையுங்கள். டிஷ்யூ மீதி மையை இழுத்துக்கொள்ளும். போதாவிட்டால் பாத்திரத் திரவம் ஒரு சொட்டு. அதுவும் போதாவிட்டால் கண்ணாடி துடைக்கும் கடைச்சரக்கு வேண்டாம், வாசனை சேர்க்காத வீட்டு அம்மோனியாவைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து கால் மணி நேரம். நகப்பூச்சு நீக்கியும் ஸ்பிரிட்டும் அந்தப் பேனா இருக்கும் அறைக்குள்ளேயே வர வேண்டாம். பிளாஸ்டிக்கையும் செல்லுலாய்டையும் கரைக்கும்.

இனி, மை எப்படி நிரப்பும் பேனா என்று பாருங்கள். பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் இருந்தால் உள்ளே ரப்பர் பை இருக்கும். இருபது வருடத்தில் அது ஓட்டு வில்லை மாதிரி இறுகியிருக்கும். நெம்புகோலைத் தூக்கினால் பை நொறுங்கி, நெம்பும் வளையும். அதைத் தொடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். புதுப் பை மாற்றுவது அவர்களுக்குச் சாதாரண வேலை. நெம்பு எதுவும் இல்லாமல் கழுத்தைத் திருகிக் கழற்றி ஊற்றும் வகை என்றால், நன்றாக ஊறிய பிறகு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். இடுக்கி வேண்டாம்.

எண்ணைப் பற்றி: 14கே, 14சி, 585 இதில் ஏதாவது இருந்தால் தங்கம். 585 என்றால் ஆயிரத்தில் 585 பங்கு. ‘இரிடியம் பாயிண்ட்’ என்று மட்டும் இருந்தால் எஃகு. மஞ்சள் நிறம் முலாம்தான். தங்கமோ எஃகோ, அப்பாவின் கை பழகிய நுனி அது. எழுதினால் கரகரக்கிறது என்று யாராவது தேய்க்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

தங்க முள்ளுக்கு அவ்வளவு விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

எழுத்துக்காக என்றால் இல்லை. தாளைத் தொடுவது தங்கம் அல்ல. எஃகு முள்ளிலும் தங்க முள்ளிலும் நுனியில் பற்றவைத்த அதே மாதிரியான கடின உலோகக் குண்டுதான். அந்தக் காலத்து மை அமிலம் மிகுந்தது, எஃகு துருப்பிடிக்கும், அதனால் தங்கம் வந்தது. இன்றைய துருப்பிடிக்காத எஃகு அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. தங்கத்தில் லேசாக ஒரு நெகிழ்ச்சி கிடைக்கலாம், அதுவும் முள்ளின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்து. அதே பணத்தில் நல்ல எஃகு முள் பேனாவும் பத்து வருடத்துக்கான மையும் தாளும் வரும்.

எபோனைட் கையால் கடைந்த பேனா வாங்க ஆசை. பார்த்து வாங்க என்னென்ன இருக்கிறது?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

நல்ல ஆசை. வாங்க வெகுதூரம் போகவும் வேண்டாம். திருவள்ளூரில் ரங்கா, சென்னையிலேயே காமா. கொஞ்சம் வடக்கே போனால் ராஜமுந்திரியில் ரத்னம், அது 1932-இல் சுதேசி இயக்கத்தின் சூட்டில் பிறந்தது. எபோனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து, மரை வெட்டி, கையால் பாலிஷ் போடுவார்கள். கையில் எடுத்ததும் உலோகம் போலச் சில்லிடாது, பிளாஸ்டிக் போல வழுக்காது. புதிதில் ரப்பர் வாசம் லேசாக இருக்கும். அது குறை அல்ல.

பார்க்க வேண்டியவை மூன்று. மூடி எத்தனை சுற்றில் கழறுகிறது: குறிப்பெடுக்கும் ஆளுக்கு நாலைந்து சுற்று பொறுமையைச் சோதிக்கும். கழுத்தின் குறுக்களவு: 10 மி.மீ.க்குக் கீழே போனால் நீண்ட நேரம் எழுதும்போது விரல் நோகும். மூன்றாவதுதான் முக்கியம், முள்ளும் நாக்கும் ஒட்டியிருக்கின்றனவா என்பது. பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் மை விட்டுவிட்டு வரும். நாக்கு எபோனைட்டாக இருந்தால் இதைச் சரிசெய்யலாம்: முள்ளையும் நாக்கையும் உருவியெடுத்து, நாக்கின் முன்பகுதியை 80 முதல் 90 டிகிரி வெந்நீரில் 20–30 விநாடி வைத்து, முள்ளோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்து ஆற விட்டால் வடிவம் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் நாக்குக்கு மட்டும், உடலுக்கு அல்ல. பிளாஸ்டிக் நாக்கில் இந்த வித்தை பலிக்காது, கோணிக்கொள்ளும்.

வெயில் படும் மேஜையில் வைக்காதீர்கள். கறுப்பு எபோனைட் வெயிலில் பச்சை கலந்த பழுப்பாகிவிடும்.

முள் கரகரவென்று கீறுகிறது. பள்ளிக் காலத்தில் பிளேடை நடுவில் விட்டு இழுப்போம். இப்போதும் அதையே செய்யலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பிளேடு நல்ல எஃகு. முள்ளின் உள்விளிம்பைச் சீவி, கீறலை இன்னும் கூட்டும். அந்தக் காலத்து முள் சில ரூபாய்தான், போனால் வேறு மாற்றினோம். அதனால் பிளேடு வைத்தியத்தின் தோல்வி யாருக்கும் ஞாபகமில்லை.

கீறலுக்கு முக்கால்வாசிக் காரணம், முள்ளின் இரண்டு பற்களில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் நிற்பது. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸில், முள்ளை நேருக்கு நேராக, நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் தெரிந்துவிடும். இடதுபக்கம் இழுக்கும்போது மட்டும் கீறுகிறதா, வலதுபக்கமா என்று எழுதிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். தாழ்ந்திருக்கும் பல்லை விரல் நகத்தால் மெல்ல மேலே தூக்கி இரண்டு விநாடி பிடித்து விடுங்கள். லென்ஸில் பாருங்கள். திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும், ஒரு துளி உலோகம்கூடத் தேயாமல். நடுவில் நார் சிக்கியிருந்தால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டை விட்டு எடுங்கள். பித்தளை எஃகைவிட மென்மை, சீவாது.

பழைய மையோடு புது மையைக் கலக்கலாமா? பாட்டிலில் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது.
– மாணவர், புதுச்சேரி

மிதப்பது பூஞ்சை. பாட்டிலைக் குப்பையில் போடுங்கள், வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். அதிலிருந்து நிரப்பிய எல்லாப் பேனாவையும் சோப்புச் சொட்டுத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வையுங்கள். பேனாவில் மிச்சமிருந்த மையைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றியதுதான் பெரும்பாலும் இதற்கு வழி திறந்திருக்கும். மருந்துக் கடையில் 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, தேவையான அளவை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

கலப்பது ஒரே கம்பெனியின் ஒரே வரிசை மைகளுக்குள் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. வேறு கம்பெனி என்றால் ஒன்று அமிலமாகவும் மற்றது காரமாகவும் இருந்து, சேர்ந்ததும் திரியலாம். கண்ணாடிக் குப்பியில் அரை மி.லி. அரை மி.லி. கலந்து ஒரு நாள் வைத்து, அடியில் வண்டல் படிகிறதா பாருங்கள். இரும்பு மையை எதோடும் கலக்காதீர்கள்.

இன்னொன்று: பாதி மையோடு இரண்டு மாதம் கிடந்த பேனாவில் மை அடர்த்தியாகிக் கறுத்திருந்தால், போனது தண்ணீர் மட்டுமே, சாயம் அப்படியே இருக்கிறது. மேலும் மை ஊற்றாமல் நாலைந்து சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள்.

மகன் இடதுகைக்காரன், ஐந்தாம் வகுப்பு. இங்க் பேனாதான் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். எழுதியதையெல்லாம் கையாலேயே அழித்துவிடுகிறான்.
– ஒரு தாய், திருநெல்வேலி

பேனாவைவிட நோட்டு இருக்கும் கோணத்தை முதலில் மாற்றுங்கள். நோட்டை வலப்பக்கமாக, கடிகார முள் சுற்றும் திசையில் 30 முதல் 45 டிகிரி சாய்த்து வைத்தால் கை வரிக்குக் கீழே இறங்கிவிடும். ஈர எழுத்தின்மேல் உரசாது. மணிக்கட்டை மேலே வளைத்துக் கொக்கி போலப் பிடிக்கும் பழக்கம் வந்திருந்தால் ஒரு மாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘எஃப்’ முள், சீக்கிரம் காயும் மை. இடதுகைக்காரர்கள் முள்ளை இழுப்பதற்குப் பதில் தள்ளி எழுதுவதால் கூரான முள் தாளில் குத்தும், அதனால் ‘ஈ.எஃப்’ வேண்டாம். பென்சில் பையில் ஒரு ஒற்றுத்தாள். கிடைக்காவிட்டால் டிஷ்யூ. சாக்பீஸ் மட்டும் வேண்டாம், அதை உருட்டி ஒற்றினால் அதன் தூள் அடுத்த வரியில் நாக்கை அடைக்கும்.

அவன் வயதுக்கு ஊற்றும் பேனாவைவிடக் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்து விற்கும் சின்னக் குழாய்) போடும் பேனா நல்லது. சின்னக் கார்ட்ரிட்ஜில் 0.8 மி.லி.யைச் சுற்றித்தான் மை. கவிழ்த்தாலும் நாசம் சின்னது. பால்பாயிண்ட் பிடித்த கை அழுத்தும், அதுதான் முள்ளின் முதல் எதிரி. தாளுக்கு அடியில் கார்பன் தாள் வைத்து, கீழே பிரதி விழாமல் எழுதப் பழகச் சொல்லுங்கள்.

சட்டையில் பட்ட மைக்குப் பால் ஊற்றலாமா?
– வாசகி, ஈரோடு

பாலைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி, துணியைத் திருப்பிப் போட்டு, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை விட்டபின் சோப்பு. வெந்நீரும் இஸ்திரியும் கறை போகும்வரை கூடாது. இரும்பு மை என்றால் பிளீச்சிங் போடாதீர்கள். சாயம் போய், மஞ்சள் துருக்கறை நிலைத்துவிடும். அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள்.

அடுத்தவர் எழுதினால் முள் கெட்டுப்போகும் என்று கணவர் பேனாவைத் தரவே மாட்டேன் என்கிறார். உண்மையா?
– வாசகி, வேலூர்

நுனியில் இருக்கும் உலோகம், ஒருவர் கையெழுத்துப் போடும் நேரத்தில் தேயும் சங்கதியே அல்ல. ஒரே கையின் சாய்வுக்கு நுனி பழகுவது உண்மை, ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். நிஜமான ஆபத்து இரண்டு: பால்பாயிண்ட் அழுத்தத்தில் பற்கள் விரிந்துவிடலாம், வாங்கியவர் முள்ளைத் தலைகீழாகப் பிடித்து எழுதவில்லையே என்று இன்னும் அழுத்தலாம். மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வராமல் போகாது.